போத்தலுக்குள் நெருப்பை வளர்க்காதீர்கள்

போன மாதம் உறவினர் வீட்டில் ஒரு பிறந்தநாள். மதிலோரம் வரிசையாகப் பன்னிரண்டு வைன் போத்தல்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு செப்புக் குழாய், அதற்குள் திரி, உள்ளே முக்கால்வாசி மண்ணெண்ணெய். பொழுதுபட்டதும் கொளுத்தினார்கள். "குப்பையில போற போத்தலைப் பந்தமாக்கிப்போட்டம், எப்படி இருக்கு அங்கிள்?" என்று வீட்டுக்காரத் தம்பி கேட்டார். "வடிவாத்தான் இருக்கு" என்றேன். வடிவு உண்மைதான். ஆனால் அது பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்த முற்றம். அன்று விருந்தில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. போத்தலில் மண்ணெண்ணெய் விட்டு, மூடியில் துளைபோட்டுத் திரி செருகினால் அதற்குப் பெயர் குப்பி விளக்கு. எங்கள் தலைமுறைக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு, அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அன்று நமக்கு வேறு வழி இல்லை.

அந்த விளக்கு என்ன செய்யும் என்பதை நான் வேலை செய்த ஆஸ்பத்திரியின் காயம் கட்டும் அறையில் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே கதைதான். கை பட்டது, பூனை தட்டியது, விளக்கு சரிந்தது, மூடி கழன்றது, எண்ணெய் மடியில் ஊற்றியது. நைலோன் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதம் மருந்து கட்டினேன். காயம் ஆறியது. முழங்கை நிமிரவில்லை.

தெற்கிலும் இதே கதைதான். விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், 'சுதீப' என்ற பாதுகாப்பான விளக்கை உருவாக்கினார். குட்டையானது, தடித்த கண்ணாடி, திருகி இறுக்கும் உலோக மூடி. உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருதும் பெற்றார். வைன் போத்தலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயரம், ஒடுங்கிய அடி, உருண்டை வடிவம், திருகாமல் செருகிய குழாய். அவர் களைந்த குற்றம் அத்தனையும் அதில் இருக்கிறது.

"வெளியிலதானே எரியுது" என்பார்கள். வெளியில்தான் காற்றும் நாயும் ஓடும் பிள்ளைகளும். மண்ணெண்ணெயின் ஆவி 40 பாகையை ஒட்டிய சூட்டிலேயே பற்றக்கூடியது. பகல் முழுக்க நம் வெயிலில் நின்ற போத்தல் அதற்கு அதிக தூரத்தில் இல்லை. எண்ணெய் குறையக் குறைய உள்ளே ஆவிக்கு இடம் கூடுகிறது. அணைத்த சூட்டோடு மறுபடி எண்ணெய் ஊற்றுகிறவர் தன் கையாலேயே ஆபத்தைத் தேடுகிறார். மண்ணெண்ணெய் இல்லையென்று பெற்றோல் விடுகிறவரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நம் முன்னோர் பந்தம் பிடிக்காதவர்களா? கோயில் தீவட்டியில் எரிவது எண்ணெயில் தோய்ந்த துணி. எண்ணெய்ப் பாத்திரம் தனியே வேறொருவர் கையில் வரும். கண்டிப் பெரஹராவில் இரும்புக் கூட்டில் கொப்பறாவை எரிக்கிறார்கள், சிந்துவதற்கு அதில் எண்ணெய்க் குடமே இல்லை. எரிகிற நெருப்புக்கு அடியில் அரைப் போத்தல் எண்ணெயைத் தொங்கவிட வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

"போத்தல் வீணாகுதே" என்பது அடுத்த நியாயம். வீணாகாது. கண்ணாடியை உருக்கி மறுபடி மறுபடி போத்தலாக்கலாம். பழைய போத்தல் எடுக்க வருகிறவரிடம் கொடுங்கள், அவருக்கும் நாலு காசு. முற்றத்தில் உடைந்தால் அது வெறுங்காலுக்கு எமன்.

வெளிச்சம் வேண்டுமா? அகன்ற ஜாம் போத்தலில் முக்கால்வாசி தண்ணீர், அதன்மேல் ஒரு விரற்கடை தேங்காயெண்ணெய், மிதக்கும் திரி. எண்ணெய் முடிந்தால் திரி தண்ணீரில் தானாக அணையும். சரிந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் ஊற்றும். அதையும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அன்று வேறு வழியில்லாமல் எரிந்தோம். இன்று அழகுக்காக எரிய வேண்டாம். தம்பி, இதை வாசித்தால் கோபிக்காதேயும். அந்தப் பன்னிரண்டு போத்தலையும் வெறுமையாக்கிப் பூ வையும். முதல் பூங்கொத்து நான் கொண்டு வருகிறேன்.