ரகசியத்துக்குத்தான் காசு, வைத்தியத்துக்கு இல்லை

ஜிடி-யிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்லயோ டெல்லி வந்தவங்களுக்குத் தெரியும். ஊர் நெருங்க நெருங்க தண்டவாளத்தை ஒட்டின சுவரெல்லாம் 'குப்த் ரோக்' விளம்பரம். குப்த் ரோக்னா ரகசிய வியாதி. நம்ம ஊர் லாட்ஜ் வைத்தியருக்கு வடக்கத்தி அண்ணன்னு வெச்சுக்கங்க. இப்ப அண்ணன் மொபைலுக்கும் வந்தாச்சு. ஏசி ரூம், வாட்ஸ்அப்ல அப்பாயின்ட்மென்ட். பால்வினை நோய்க்கும் ஆண்மைக்கும் மருந்துன்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1954லயே சட்டம் போட்டாச்சு. யார் கேக்கறா?

எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர், மதுரைப் பக்கம், குர்காவ்ல வேலை. இந்தி அரைகுறை. உடம்புல ஒரு புண்ணு, வலியே இல்லை. இப்படி ஒரு கிளினிக்குக்குப் போனார். முதல் நாளே 8,000 ரூபாய். பேர் எழுதாத பொட்டலம் 40 நாளைக்கு. ரத்தம் எடுக்கலை. கல்யாணம் ஆயிடுச்சான்னு கூடக் கேக்கலை. பில் கேட்டதுக்கு, "உங்க ரகசியத்துக்காகத்தான் சார் நாங்க பில்லே தர்றதில்லை"ன்னாங்களாம்!

புண்ணு தானா ஆறிடுச்சு. சிபிலிஸ்னா அப்படித்தான், மேல ஆறும், உள்ள இருக்கும். அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில விடிஆர்எல் பார்த்தப்பதான் தெரிஞ்சது. ஆரம்ப நிலைங்கறதால பென்சத்தீன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட், ஒரே தடவை ஊசி. அதோட வைத்தியம் முடிஞ்சது. அவர் மனைவி ஊர்ல மூணு மாசம். வயித்துல இருக்கற குழந்தைக்கும் போகிற வியாதி இது. அவங்களையும் கூப்பிட்டுப் பாருங்கன்னு முதல்ல சொன்னது அந்த அரசு டாக்டர்தான். 8,000 வாங்கினவர் இல்லை.

இந்தக் கடைகளுக்கு ரெண்டு வகை கஸ்டமர். வியாதியே இல்லாம, 'தாது போகுது'ன்னு பயந்து வர்ற பசங்க ஒரு வகை. நிஜமாவே தொற்று இருக்கறவங்க இன்னொண்ணு. டெஸ்டே பண்ணாத இடத்துல ரெண்டு பேருக்கும் அதே பொட்டலம். முதல் ஆளுக்குப் பணம் போகுது, ரெண்டாவது ஆளுக்கு குடும்பமே மாட்டுது. எல்லா தனியாரும் இப்படின்னு சொல்ல வரலை. முறையாப் படிச்ச தோல், பால்வினை நோய் டாக்டர்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க. சீட்டுல மருந்துப் பேர் எழுதறாங்களா, ரத்தம் பாக்கறாங்களா, துணைக்கும் வைத்தியம் சொல்றாங்களா, இந்த மூணைப் பார்த்தாலே ஆள் தெரிஞ்சுடும்.

அரசு ஆஸ்பத்திரியில இதுக்குன்னு தனி கிளினிக் உண்டு. அறிகுறிக்கு ஏத்த மாதிரி கலர் கலரா மருந்து கிட், இலவசம். ஆனா காலையில க்யூ, வராந்தாவுல பேரைச் சத்தமாக் கூப்பிடறது, இதெல்லாம் இருக்கற வரைக்கும் நம்ம பசங்க அங்க போக மாட்டாங்க. மருந்துக்குச் செலவு பண்ற அரசாங்கம் ஒரு கதவுக்கும், நம்பர் சீட்டுக்கும் செலவு பண்ணக் கூடாதா? நிஜமான ரகசியத்துக்குச் சட்டமே இருக்கு. 2017ல வந்த எச்ஐவி சட்டப்படி சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியில சொல்லவும் கூடாது. தனியாருக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுல பையனை வெளியூர் அனுப்பறப்ப ஊறுகாய் பாட்டிலோட 1097ங்கற நம்பரையும் எழுதிக் குடுங்க. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்போட இலவச எண். எந்த ஊர்ல எங்க போகலாம்னு அங்க கேக்கலாம், பேர் சொல்லணும்னு அவசியம் இல்லை.