சுண்ணாம்பும் சிமெண்டும் ஒரு வீட்டுக்கடன் கோப்பும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கடன் கேட்டு நம் கிளைக்கு வந்தார். அவர் கொண்டுவந்த வரைபடத்தில் இருந்தது அழுத்திய மண்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீடு. மதிப்பீட்டாளர் பார்வையிட்டு, இத்தகைய கட்டடத்தின் ஆயுள் குறைவு என்று எழுதினார். கட்டடத்தின் ஆயுள் கடன் தவணைக்காலத்தை விடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். ஆகவே தவணைக்காலம் சுருங்கியது. மாதத் தவணை ஏறியது. இரண்டு வாரம் கழித்து அவர் வேறொரு வரைபடத்துடன் வந்தார். இம்முறை முழுக் கான்கிரீட் வார்ப்பு. கேட்ட தொகை தடையின்றிக் கிடைத்தது.

அன்று நாம் விதிப்படியே நடந்துகொண்டோம். எந்தத் தணிக்கையாளரும் அந்தக் கோப்பில் குறை காண முடியாது. ஆயினும் மூன்று கோடை கழித்து அதே வாடிக்கையாளர் ஏ.சி. வாங்கத் தனிநபர் கடன் கேட்டு எதிரில் வந்து அமர்ந்தபோது, நமக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

பாலக்காட்டு வெயிலை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஏப்ரலில் இம்மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது; வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவு படுக்கும் நேரத்தில் அதைக் கக்கத் தொடங்குகிறது. இப்பகுதியின் பழைய வீடுகள் பனஞ்சட்டமும் மண்சுவரும் ஓடுமாகக் கட்டப்பட்டவை. சூடான காற்று ஓட்டிடுக்கில் வெளியேறிவிடும். பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்குக் கரையானும் தெரியும், குரங்கும் தெரியும், ஆண்டுதோறும் ஓடு மாற்றும் செலவும் தெரியும். மக்கள் வார்ப்பு வீட்டை விரும்பியதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த விருப்பத்துக்கு நம் கடன் விதிகளும் ஓரளவு துணைபோயின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் ஏறும் சூடு ஒரு பக்கம். வீடு கட்டி முடிவதற்குள் வானத்துக்குப் போய்ச் சேரும் கரி மற்றொரு பக்கம். இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் எவரும் மதுக்கரையையும் வாளையாற்றையும் கடந்தே வருகின்றனர். இரண்டு ஊர்களுக்கும் சிமெண்ட் ஆலைகளே அடையாளம். மலையடிவாரத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்தவை அவை. வாளையாற்றில் கேரள அரசுக்குச் சொந்தமான மலபார் சிமெண்ட்ஸ் 1984 முதல் உற்பத்தி செய்துவருகிறது. அந்த உலைகளில் நடப்பது பள்ளிப் பாடத்தில் நாம் படித்த வேதியியல்தான். நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் ஐம்பத்தாறு கிலோ சுண்ணாம்பு எஞ்சுகிறது. மீதி நாற்பத்து நான்கு கிலோ கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. எரிபொருளின் புகை இதற்கு மேல் தனி. உலையைச் சூரிய மின்சாரத்தால் சூடாக்கினாலும் அந்த நாற்பத்து நான்கு கிலோவைத் தடுக்க முடியாது, ஏனெனில் அது கல்லுக்குள்ளேயே இருப்பது. சிமெண்டின் மூலப்பொருளான கிளிங்கர் உருவாக ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பம் தேவை. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு விழுக்காடு சிமெண்டிலிருந்து வருவதற்கு இவ்விரண்டுமே காரணம்.

வணிகவியல் படித்த நமக்குக் கணக்காகப் பார்த்தால்தான் எதுவும் மனத்தில் நிற்கிறது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குக் கொத்தனார்கள் சொல்லும் வாய்க்கணக்கு நானூறு மூட்டை, அதாவது இருபது டன் சிமெண்ட். ஒரு டன்னுக்கு அறுநூறு கிலோ என்று மிதமாகக் கொண்டாலும் பன்னிரண்டு டன் கரியமில வாயு. கம்பி ஏறத்தாழ நான்கு டன்; இரும்புத் தாதிலிருந்து எடுக்கும் எஃகு எனில் டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் வாயு. ஆகக் குடிபுகும் நாளிலேயே அந்தச் சிறு வீட்டின் பெயரில் இருபது டன் பற்று எழுதப்பட்டுவிடுகிறது. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றி வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக இரவெல்லாம் வரும் லாரிகளை இதில் சேர்க்கவில்லை.

இதற்கு மாற்றே இல்லையா என்று கேட்பவர்களை இடுக்கி மாவட்டத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கே இரண்டு அணைகள் உள்ளன. ஒன்று 1976-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இடுக்கி அணை. இரு மலைகளுக்கு நடுவே வில்லாக வளைந்து, 555 அடி உயரத்தில் நிற்கும் கான்கிரீட் அணை. மற்றொன்று பென்னிகுவிக் கட்டி 1895-இல் நிறைவுற்ற முல்லைப்பெரியாறு. அதன் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் ஆனது. அந்த அணையின் பாதுகாப்பைப் பற்றிய வழக்குகள் நம் பேசுபொருள் அல்ல. பின்னாளில் அது கான்கிரீட்டால் வலுப்படுத்தப்பட்டதும் வாசகர்கள் அறிந்ததே. நாம் சுட்ட விரும்புவது சுர்க்கியை. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் தூள். சுட்ட மண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் நீரோடும் சேர்ந்து கல்லாக இறுகுகின்றன. போர்ட்லாந்து சிமெண்ட் பரவும் முன் நம் கட்டடக்காரர்களுக்கு இது அன்றாட அறிவு.

இப்போது அதே அறிவு வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல், சுட்ட களிமண் ஆகியவற்றைக் கிளிங்கருடன் கலந்து செய்யும் 'எல்சி3' என்னும் சிமெண்டைச் சுவிட்சர்லாந்து, கியூபா நாட்டு ஆய்வாளர்களுடன் தில்லி, சென்னை ஐ.ஐ.டி.களும் சேர்ந்து உருவாக்கின. அதில் கிளிங்கர் பாதிதான். முப்பது விழுக்காடு சுட்ட களிமண், பதினைந்து விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம். களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும். அதைச் சுடும்போது வெளியேறுவது நீராவியே. சாதாரண சிமெண்டோடு ஒப்பிட்டால் கரியமில வாயு நாற்பது விழுக்காடு வரை குறையும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் இதற்குத் தரநிலை வெளியிட்டது. நிலக்கரி அனல் மின் நிலையம் இல்லாத கேரளத்துக்குச் சாம்பல் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெண்களிமண்ணோ கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களிலேயே கிடைக்கிறது. வாளையாறு இதைக் கருத்தில் கொள்ளுமானால் நமக்கு மகிழ்ச்சி.

அது கடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே செய்யக்கூடியவை உண்டு. வீடு கட்டும் வாடிக்கையாளர்கள் கடையில் '53 கிரேடு' என்றே கேட்கின்றனர். அதுதான் உயர்ந்தது என்ற எண்ணம். சாதாரண வீட்டுக்கு நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் போதுமானது. அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் கலக்கத் தரநிலை அனுமதிக்கிறது. அந்த அளவுக்குக் கிளிங்கர் மிச்சம். ஒரே நிபந்தனை, பொறுமை. பி.பி.சி. மெதுவாகவே வலுப்பெறும். பாலக்காடு போன்ற வறண்ட வெயிலில் கலப்புச் சிமெண்டுக்குப் பதினான்கு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. ஒரு வாரத்தில் முட்டைப் பிரிக்கத் துடிக்கும் ஒப்பந்ததாரரைத் தடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. 'பி.பி.சி. போட்டேன், விரிசல் விட்டது' என்று சொல்பவர்களில் பலர், எத்தனை நாள் நீராற்றினீர்கள் என்று கேட்டால் மௌனமாகிவிடுகின்றனர்.

அடுத்து, பொருளையே குறைவாகப் பயன்படுத்தும் வழி. இதற்கு நம் மலைப்பகுதிக்கு ஒரு முன்னோடி உண்டு. இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாகிய லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் புகழ்பெறும் முன், 1960களில் இடுக்கியின் வாகமண்ணில் வாழ்ந்தார். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை நெட்டாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவார்கள். சுவர் அதே ஒன்பது அங்குலம். செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. இழுவிசையைக் கம்பியே தாங்குகிறது. அங்கே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பது நிரப்புத் தளம். இவற்றைப் பரப்ப 1985-இல் தொடங்கப்பட்ட காஸ்ட்ஃபோர்ட் நிறுவனம் திருச்சூரை மையமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. தேர்ந்த கொத்தனார் இல்லாமல் இவற்றில் இறங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அரைகுறையாகக் கட்டிய எலிப்பொறிச் சுவரைவிட ஒழுங்காகக் கட்டிய சாதாரணச் சுவர் மேல். அழுத்திய மண்கல்லில்கூட ஐந்து முதல் பத்து விழுக்காடு சிமெண்ட் கலக்க வேண்டும், நல்ல அடித்தளமும் அகன்ற தாழ்வாரமும் வேண்டும். ஊறிய மண்சுவர் பெருமழையில் என்ன ஆகும் என்பதை 2018-இல் பார்த்தோம்.

கரியைக் குறைப்பது என்ற பெயரில் ஏழைகளை மண்வீட்டிலேயே இருக்கச் சொல்வது நம் கருத்தன்று. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேர் லயங்களோடு புதைந்தனர். தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த ஒற்றை அறைகளில் வாழ்ந்தவர்கள் அவர்கள். உறுதியான வீடு கட்ட அவர்களுக்கு வேண்டிய சிமெண்ட் முழுவதையும் கொடுத்தாலும் நாட்டின் கரிக்கணக்கில் அது ஒரு துளி. கரிச் சிக்கனம் தொடங்க வேண்டிய இடம், சரிவை வெட்டி எழும் அடுக்குமாடி விடுதிகளும், இருவர் வசிக்க நாலாயிரம் சதுர அடியில் கட்டிப் பூட்டிவைக்கும் வீடுகளும்தான்.

லயத்தில் வாழ்பவருக்கு வங்கியும் பெரிதாக உதவியதில்லை. பட்டா இல்லாத நிலத்துக்கு நாம் வீட்டுக்கடன் தர இயலாது. இடுக்கியின் நிலப் பதிவுகளில் உள்ள சிக்கல் வங்கிக் கோப்பால் தீர்வதன்று. ஆனால் லைஃப் திட்டத்தில் அரசு தரும் நான்கு லட்சத்தை வைத்து மலை மேல் வீடு கட்டுகிறவருக்கு, போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி வரும் ஒவ்வொரு மூட்டையும் கூடுதல் வண்டிக்கூலி. அவருக்குச் சிமெண்டைக் குறைக்கும் நுட்பம் சுற்றுச்சூழல் கொள்கையாக இருக்க வேண்டியதில்லை. கையிருப்புக்குள் வீடு முடியும் வழியாகவே பயன்படும்.

வங்கியினர் செய்ய வேண்டியதைப் பற்றி நமக்கு ஒரு கருத்து உண்டு. அது நம் சொந்தக் கருத்து. ரிசர்வ் வங்கி 2023-இல் பசுமை வைப்புகளுக்கான நெறிமுறையை வெளியிட்டது. அவ்வாறு திரட்டும் பணத்தைப் பசுமைக் கட்டடங்களுக்கும் கடனாகத் தரலாம். நடைமுறையில் பசுமைக் கட்டடம் என்றால் சான்றிதழ் பெற்ற பெருநகர அடுக்ககம் என்றே பொருள்படுகிறது. சான்றிதழுக்குப் பணம் கட்ட முடியாத கொழிஞ்சாம்பாறைக்காரர் அதில் வரமாட்டார். நமக்கு வேண்டியது எளிய மாற்றம். மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஓடு', 'மண்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஆயுளைக் குறைக்காமல், பொறியாளர் கையொப்பமிட்ட வடிவமைப்பையும் அடித்தளத்தையும் பார்த்து மதிப்பிட வேண்டும். கடன் தவணைகளை விடுவிக்கும் படிநிலைகள் 'தள வார்ப்பு' என்பதையே கூரை என்று கருதுகின்றன; ஓட்டுக் கூரைக்கும் அங்கே ஓர் இடம் வேண்டும். கலப்புச் சிமெண்டு பதினான்கு நாள் ஆற வேண்டும் என்பதால் தாமதமாகும் பணியைத் தவறாகக் கருதக் கூடாது. இவற்றுக்கு மானியம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

அந்த வாடிக்கையாளரின் ஏ.சி. கடனை நாம் வழங்கினோம். கையொப்பமிட வந்தபோது, மாடியில் ஓட்டுக் கொட்டகை போடக் கடன் உண்டா என்று கேட்டார். தளத்துக்கு மேல் ஓடு போட்டால் கீழே சூடு குறையும் என்று அவருக்குக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். கொத்தனார் சொன்னது சரி. அதற்கான விண்ணப்பம் இப்போது நம் மேசையில் இருக்கிறது.