சொத்து வேண்டும், கடன் வேண்டாமாம்!

"தாத்தா செஞ்ச தப்புக்குப் பேரன் எப்படிங்க பொறுப்பு?"

அடிமை வியாபாரம், காலனி ஆட்சி என்று எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைத் தூக்கிப் போடுவார். போட்டதோடு விவாதமே முடிந்தது என்று நினைத்தும் கொள்வார். கேள்வி பாதி நியாயமானது என்பதுதான் சிக்கல். தாத்தா செய்த கொலைக்குப் பேரனை யாரும் தூக்கில் போடுவதில்லை, போடவும் கூடாது. ஆனால் தாத்தா விட்டுப்போன வீட்டில் பேரன் குடியிருக்கிறார், அந்த வீட்டின் மேல் பாக்கி இருக்கிறது என்றால்? அங்கே கேட்பது யார் குற்றவாளி என்று அல்ல. பாக்கியை யார் கட்டுவது என்றுதான்.

நம் ஊர்ச் சட்டத்துக்கே இந்த வித்தியாசம் தெரியும். அப்பன் வாங்கிய கடனை மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் அடைப்பது புனிதக் கடமை என்று இந்து சட்டத்தில் ஒரு விதி இருந்தது. 2005-ல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, இனி வாங்கும் கடன்களுக்கு அது செல்லாது என்று எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். அதற்காக, இறந்தவர் விட்டுப்போன சொத்தை எடுத்துக்கொண்டு அவருடைய கடன்காரர்களுக்கு டாட்டா காட்டிவிட முடியுமா? முடியாது. கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு வாரிசு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி பிரிட்டனைப் பார்க்கலாம். 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சுமார் 8 லட்சம் பேருக்கு விடுதலை. கூடவே 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு. யாருக்கு? அடிமைகளுக்கு என்று நினைத்தால் அது அப்பாவித்தனம். 'சொத்தை' இழந்த முதலாளிகளுக்கு! அந்த அரசின் ஓராண்டுச் செலவில் கிட்டத்தட்ட 40 சதவீதம் அது. விடுதலையானவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. அதற்கு மேல், 'பயிற்சித் தொழிலாளி' என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளியிடம் கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டியிருந்தது.

இந்த நஷ்ட ஈட்டுக்காக அரசு கடன் வாங்கியது. அந்தக் கடன் அரசின் மற்றக் கடன்களோடு சேர்ந்து உருண்டு உருண்டு, ஒருவழியாக அடைந்து முடிந்தது 2015-ல். 1815 இல்லை, 1915 இல்லை, 2015! அதுவரை வரி கட்டிய எல்லோரும் அதில் பங்கு கட்டியிருக்கிறார்கள். ஜமைக்காவிலிருந்து லண்டனுக்குக் குடியேறி பஸ் ஓட்டியவரும், நர்ஸ் வேலை பார்த்தவரும், அதாவது அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் சேர்த்துத்தான். அதே 2015 செப்டம்பரில் பிரதமர் டேவிட் கேமரூன் ஜமைக்கா நாடாளுமன்றத்தில் நின்று, அந்த வேதனையான பழசைக் கடந்து முன்னே போவோம் என்கிற பாணியில் பேசினார். கையோடு கொண்டுபோன பரிசு, ஜமைக்காவில் சிறைச்சாலை கட்ட 2.5 கோடி பவுண்டு. (ஜமைக்கா பிறகு அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.)

ஆக, முன்னோர் போட்ட கையெழுத்துக்குப் பின்னால் வருகிறவர்கள் பொறுப்பில்லை என்று அந்த அரசு ஒருபோதும் நினைத்ததில்லை. பத்திரம் வைத்திருந்தவனுக்கு 180 வருடம் கழித்தும் வட்டியோடு கொடுத்தது. சாட்டையடி வாங்கியவனின் வாரிசு வந்து கேட்டால் மட்டும் 'அது பழைய கதை'.

ஹைதி கதை இன்னும் மோசம். அடிமைகள் தாங்களே போராடி 1804-ல் விடுதலை வாங்கிய நாடு அது. 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, எங்கள் தோட்ட முதலாளிகளின் நஷ்டத்துக்கு 15 கோடி பிராங்க் எடு என்றது. 1838-ல் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டுவதற்கு பிரெஞ்சு வங்கிகளிடமே கடன். அந்தக் கடன்களின் பாக்கி தீர 1947 ஆனது. அடிமையின் கொள்ளுப்பேரன் வரை 'கடன்' கட்டினானே, அப்போது "தாத்தா விஷயத்துக்குப் பேரன் எப்படிப் பொறுப்பு" என்று பாரிஸில் எத்தனை பேர் கேட்டார்கள்?

அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "அப்போ ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்தைத் தாக்கினதுக்கு நாம மலேசியாவுக்குப் பணம் கட்டணுமா?" சிரிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொள்ளை யார் கைக்குப் போனது, இன்று யாரிடம் இருக்கிறது என்று காட்ட எந்த ஏடும் இல்லை. அரசும் இல்லை, கஜானாவும் இல்லை. பிரிட்டனில் அரசு தொடர்ந்து இருக்கிறது, ஏடும் இருக்கிறது. எந்தத் தோட்டம், எத்தனை அடிமைகள், எவ்வளவு பவுண்டு என்று பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா ஜான் கிளாட்ஸ்டன் பெயரில் மட்டும் 2,500 அடிமைகளுக்கு மேல், ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். அந்த மனிதர்தான் அடிமைகளுக்குப் பதிலாக இந்தியக் கூலிகளை பிரிட்டிஷ் கயானாவுக்கு இறக்க ஏற்பாடு செய்தவர். முதல் கப்பல்கள் 1838-ல் போய்ச் சேர்ந்தன.

"என் தாத்தா சுரங்கத் தொழிலாளி, அவர் எந்த அடிமையை வைத்திருந்தார்?" என்று ஒரு சாதாரண ஆங்கிலேயர் கேட்டால் அது நேர்மையான கேள்வி. அவரை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. சட்டம் போட்டு, கப்பல் காவல் கொடுத்து, கடைசியில் முதலாளிக்கு நஷ்ட ஈடும் கொடுத்தது அரசு. பதில் சொல்ல வேண்டியதும் அந்த அரசுதான்.

சில குடும்பங்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. 2023-ல் கிளாட்ஸ்டன் வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். அதே வருடம் டிரெவெலியன் குடும்பம் கிரெனடாவில் மன்னிப்புக் கேட்டு, 1 லட்சம் பவுண்டு கொடுப்பதாக அறிவித்தது. உள்ளூரிலேயே அவர்களைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் கிண்டல் செய்ய வேண்டியது மன்னிப்பை இல்லை, தொகையைத்தான். டிரெவெலியன்களின் முன்னோர் 1835 வாக்கில் வாங்கிய நஷ்ட ஈடு 20,000 பவுண்டுக்கும் மேல். வெறும் 20,000 என்றே வைத்து, வருடத்துக்கு 3 சதவீதம் கூட்டு வட்டி போட்டால்கூட, 188 வருடத்தில் 51 லட்சம் பவுண்டைத் தாண்டுகிறது.