காலுக்கா, கண்ணுக்கா?

நுழையும்முன்

ஒரு பொருளின் விலையும் அதன் பயனும் ஒன்றல்ல. விளையாட்டு உடைகளையும் காலணிகளையும் வாங்கும்போது இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. விலை எங்கே உடலுக்கு உதவுகிறது, எங்கே பிறர் பார்வைக்காகச் செலவாகிறது என்பதைத் திருச்சிராப்பள்ளியை முன்வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

திருவரங்கத்தில் பொழுது புலருமுன்பே வீதிகளில் நடமாட்டம் தொடங்கிவிடுகிறது. உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் நடப்போருள், வேட்டியை மடித்துக் கட்டி வெறுங்காலுடன் வலம்வரும் முதியவர்கள் உண்டு. ஒளிரும் பட்டை தைத்த மேலாடையும் தடித்த நுரை அடிப்பாகம் கொண்ட காலணியும் அணிந்து அவர்களைக் கடந்து செல்லும் இளையோரும் உண்டு. இரு சாராரும் அதே நான்கு வீதிகளைத்தான் சுற்றுகின்றனர். இரு சாராருக்கும் வியர்க்கிறது. இளையவர் அணிந்திருப்பவற்றின் விலையைக் கூட்டினால் அது 15,000 ரூபாயைத் தொடுவதும் உண்டு. அத்தொகை அவருடைய நடைக்கு எதைக் கூட்டித் தந்தது?

நடைப்பயிற்சியோடு இவ்வினா நின்றிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வருவாய் உள்ளவர் தம் பணத்தில் விரும்பியதை வாங்குவது அவர் உரிமை. ஆனால், பள்ளி விளையாட்டுத்திடலுக்குள் நுழையும்போது இவ்வினா வேறு உருக்கொள்கிறது. 8,000 ரூபாய்க் காலணி இருந்தால்தான் ஓட்டப்பந்தயத்திற்குப் பெயர் கொடுக்க இயலும் என்று ஒரு மாணவர் எண்ணுகிறார். காலணியே இல்லாத மற்றொருவர், பெயர் கொடுக்கக் கூச்சப்பட்டுத் திடலின் ஓரத்தில் நின்றுவிடுகிறார். முன்னவர் வீட்டில் மாதத் தவணை தொடங்குகிறது. பின்னவரின் விளையாட்டு தொடங்காமலே போகிறது. உடற்கல்வி ஆசிரியர் எவரும் நன்கறிந்த காட்சி இது.

விலையும் கூலியும்

ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டிற்கு 2024–25ஆம் நிதியாண்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அக்கூலியால் அளந்தால், 8,000 ரூபாய்க் காலணி ஏறத்தாழ 25 நாள் உழைப்பாகும். ஆண்டொன்றுக்கு 100 நாள் வேலை என்பது அந்நிதியாண்டில் அத்திட்டத்தின் உறுதிமொழியாக இருந்தது. அதில் கால்பங்கு, பிள்ளையின் ஓர் இணைக் காலணிக்கே சென்றுவிடும். விலைச்சீட்டைப் படிப்பவர்கள் இக்கணக்கையும் சேர்த்துப் படித்தல் நன்று.

இத்தகைய பொருள்கள் ஏதோ எட்டாத் தொலைவில் உருவாகின்றன என்று கருதுவதற்கும் இடமில்லை. நைக் நிறுவனத்திற்கான காலணிகள் தமிழ்நாட்டிலேயே, செய்யாற்றில் தைவான் நாட்டுக் குழுமம் ஒன்று நடத்தும் ஆலைகளில் உருவாகின்றன. அங்கே பணிபுரிவோரில் பெரும்பாலோர் சுற்று வட்டாரச் சிற்றூர்களைச் சேர்ந்த பெண்கள். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து செல்கிறது. உலகின் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் அங்கே ஆடைகள் தைத்து வாங்குகின்றன. இவ்வாடைகளும் காலணிகளும் கடைக்கு வரும்போது, மூலப்பொருளும் தையல் கூலியும் விலையின் ஒரு பகுதியாக மட்டுமே நிற்கின்றன. விளம்பரம், புகழ்பெற்ற வீரர்களுக்கு அளிக்கும் ஒப்பந்தத் தொகை, கடை வாடகை, விற்பவர் ஆதாயம் ஆகியவை எஞ்சிய பகுதியை நிரப்புகின்றன. நைக் நிறுவனத்தின் புகழ்பெற்ற வளைகோட்டுச் சின்னத்தை 1971ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி மாணவி வரைந்து கொடுத்தார். அதற்கு அன்று அவர் பெற்றது 35 டாலர். பிற்காலத்தில் நிறுவனம் தன் பங்குகளை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விலை ஏறினால் காலுக்குக் காப்பு கூடுமா? ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தனர். மூன்று நிறுவனங்களின் ஓட்டக் காலணிகளைக் குறைந்த விலை, நடுத்தர விலை, உயர்ந்த விலை என வகைப்படுத்தி, அவற்றை அணிந்தோரின் உள்ளங்காலில் ஏற்படும் அழுத்தத்தை அளந்தனர். குறைந்த விலைக் காலணிகளும் நடுத்தர விலைக் காலணிகளும் உயர்ந்த விலைக் காலணிகளுக்கு ஈடாகவே அதிர்வைத் தாங்கின என்பது 2008இல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழொன்றில் வெளியான அவர்களின் முடிவு. ஆய்வில் இடம்பெற்ற குறைந்த விலைக் காலணியும் 40 பவுண்டு மதிப்புடையது என்பதை மறத்தல் கூடாது. நடைபாதையில் குவித்து விற்கப்படும், தையல் பிரிந்த, அடிப்பாகம் அட்டைபோல் மடங்கும் காலணிக்கு அம்முடிவு பொருந்தாது. விலைக்கு ஒரு கீழெல்லை உண்டு. அதற்குக் கீழே சென்றால் கணுக்காலும் முழங்காலும் அதற்குரிய தண்டத்தைச் செலுத்த நேரும்.

உயர்ந்த விலை உண்மையாகவே பயன் தரும் இடங்களும் உள்ளன. 2009இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. நீரில் மிதக்கும் திறனைக் கூட்டிய பாலியூரித்தேன் நீச்சலுடைகள் அதற்குப் பெருங்காரணம் எனக் கருதப்பட்டு, 2010 முதல் அவ்வுடைகள் தடைசெய்யப்பட்டன. நுரைக்குள் கார்பன் தகடு பொருத்திய நெடுந்தொலைவு ஓட்டக் காலணி, ஓடுவோர் செலவிடும் ஆற்றலைச் சராசரியாக 4 விழுக்காடு குறைத்ததாக அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. உலகத் தடகள அமைப்பு 2020இல் தலையிட்டு, சாலை ஓட்டக் காலணியின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாக இருத்தல் கூடாது என்றும், ஒன்றுக்கு மேற்பட்ட தகடு கூடாது என்றும் வரையறுத்தது. மராத்தான் ஓட்டத்தில் ஒரு நிமிடத்தைக் குறைக்கப் போராடும் வீரருக்கு 4 விழுக்காடு பெரும்பேறு. காவிரிப் பாலத்தில் மாலையில் நடப்பவருக்கு அதனால் ஆவதென்ன?

உறையூர்த் துணியும் பாலியெஸ்டரும்

மேலாடைக்கு வருவோம். பருத்தி இழை இயல்பான காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை 1 விழுக்காடுகூட ஏற்பதில்லை. ஆகவே பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்து உடலோடு ஒட்டிக்கொள்கிறது. நுண்ணிழைப் பாலியெஸ்டர், வியர்வையைத் தன் இழை இடைவெளிகளின் வழியே வெளிப்புறத்திற்குக் கடத்தி உலரச் செய்கிறது. கோடையில் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும் திருச்சிராப்பள்ளி வெயிலில் ஒரு மணி நேரம் பயிற்சி செய்பவருக்கு இவ்வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆயினும், வியர்வையைக் கடத்துவது இழையும் நெசவும்தாம். மார்பில் பொறித்த சின்னம் அன்று. அதே வகைத் துணியில் தைத்த சட்டை 300, 400 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வியர்வை நாற்றத்தைப் பாலியெஸ்டர் எளிதில் விடுவதில்லை என்னும் குறையை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. நடைப்பயிற்சிக்கும் எளிய உடற்பயிற்சிக்கும் பருத்தி பனியனே போதும்.

பெயருக்காக விலை கொடுக்கும் பழக்கம் இக்காலத்தில் தோன்றியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, அர்காரு என்னும் ஊரின் பெயராலேயே வழங்கிய மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் துணிபு. அதே நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்கள் தம் நாட்டை விட்டு வெளியேறுகின்றன என வருந்தி எழுதினார். அன்று உறையூரின் பெயர் கடல்கடந்து விலைபோயிற்று. இன்று கடல்கடந்த பெயர்கள் உறையூருக்கு அடுத்த தில்லைநகர்க் கடைகளில் விலைபோகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. ரோமர் பெயருக்கு மட்டும் விலை கொடுத்திருக்க மாட்டார்கள். அத்துணிக்கு நிகரான மென்மை வேறெங்கும் அவர்களுக்கு எளிதில் கிட்டியிராது.

வெறுங்கால் கதைகள்

விலையுயர்ந்த காலணி கேட்கும் பிள்ளைகளிடம் பெரியோர் சொல்லும் கதைகள் சில உள்ளன. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மராத்தானை வெறுங்காலுடன் ஓடி வென்றார் என்பது அவற்றுள் முதன்மையானது. கதை உண்மையே. ஆனால் அது பாதியோடு நிறுத்தப்படுகிறது. அவருக்குக் கிடைத்த காலணி காலுக்குச் சரியாகப் பொருந்தாததாலேயே அவர் அதைத் தவிர்த்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 நொடியில் மீண்டும் தங்கம் வென்றார். தம் முந்தைய நேரத்தைவிட மூன்று நிமிடம் விரைவாக.

அதே டோக்கியோவில் 2021 சூலையில் நடந்த ஒலிம்பிக் போட்டியின் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வருள் மூவர் தமிழ்நாட்டினர். இலால்குடியை அடுத்த வழுதியூரைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவும், திருவெறும்பூர்ப் பகுதியைச் சேர்ந்த சுபா வெங்கடேசனும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தவர். மூன்றாமவர் மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி. பெற்றோரை இளமையிலேயே இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். கல்லூரிப் போட்டிகளிலும் 2016ஆம் ஆண்டின் தேசிய இளையோர் போட்டியிலும் அவர் வெறுங்காலுடனே ஓடினார். காலணி வாங்க வழியில்லை என்பதே காரணம். அவருடைய பயிற்சியாளர் வேண்டியவற்றை ஏற்பாடு செய்து கொடுத்தபின்பே அந்நிலை மாறியது.

ரேவதியின் வாழ்க்கையைச் சொல்லி, "மனம் இருந்தால் போதும், காலணி எதற்கு?" என்று கேட்பது அவருக்குச் செய்யும் அநீதி. செயற்கை ஓடுதளம் முற்பகலிலேயே சுடத் தொடங்கிவிடும். அதில் வெறுங்காலுடன் ஓடுவது வீரமாகக் கொண்டாடத்தக்கதன்று. விரைவோட்டத்திற்கு ஸ்பைக் காலணி தளத்தைப் பற்றிக்கொள்ள உதவும் கருவி. மரம் அறுப்பவருக்கு இரம்பம் எத்தகையதோ அத்தகையது. ரேவதி என்னும் ஒருவர் வெறுங்காலைக் கடந்து வந்துவிட்டார். வர இயலாமல் நின்றுவிட்டவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. காலணிக்கு 8,000 ரூபாய் வேண்டும் என்று விளம்பரம் சொல்கிறது. ஒன்றுமே வேண்டா என்று வெறுங்கால் கதை சொல்கிறது. இரண்டையும் நம்பி ஏமாறுபவர் ஏழை மாணவரே.

வாங்கும் முறையும் வழங்கும் முறையும்

காலணியைச் சின்னம் பார்த்து வாங்குவதினும் கால் பார்த்து வாங்குவது நன்று. மாலையில் பாதம் சற்றே வீங்கியிருக்கும். அந்நேரத்தில், விளையாடும்போது அணியும் காலுறையோடு போட்டுப் பார்த்தல் வேண்டும். விரல் நுனிக்கு முன்னே கட்டைவிரல் அகல இடைவெளி இருக்க வேண்டும். குதிகால் நழுவுதல் கூடாது. காலணியை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் அது மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அதை வைத்துவிடலாம். எத்துணை விலை கொடுத்தாலும் நுரை நாளடைவில் தளரும். ஓட்டக் காலணியைப் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை பயன்படுத்தலாம் என்பர். நாள்தோறும் ஓடும் மாணவருக்கு அது ஓராண்டுகூட நிலைக்காமல் போகலாம். ஆகவே 8,000 ரூபாயில் ஒன்று வாங்குவதினும், தேர்ந்து வாங்கிய 1,500 ரூபாய்க் காலணியை உரிய காலத்தில் மாற்றுவதே அறிவுடைமை.

1,500 ரூபாயும் இயலாத வீடுகள் உள்ளன. பொருநராற்றுப்படையில், தன்னை நாடிவந்த பொருநனின் கந்தலை நீக்கி நுண்ணிய ஆடை உடுத்துகிறான் கரிகாலன். கலை செழிக்கக் கலைஞனுக்கு வேண்டியதைத் தருவது அரசின் கடன் என்னும் எண்ணம் இந்நிலத்திற்குப் புதிதன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. எனினும் வகுப்பறைக்கு அணியும் காலணி வேறு, ஓடுதளத்திற்கு உரியது வேறு. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியின் விளையாட்டு அறையிலும் பந்து, வலை, ஈட்டி ஆகியவற்றோடு ஓட்டக் காலணிகளும் பொதுப்பொருளாக இருத்தல் வேண்டும். ஒரு மாணவரின் 8,000 ரூபாய், 1,500 ரூபாய்க் காலணிகளில் ஐந்து இணைகளை வாங்கிவிடும். முன்னாள் மாணவர் மன்றங்கள் ஆண்டுவிழாவுக்குத் தரும் கேடயங்களில் ஒன்றிரண்டைக் குறைத்தாலே இன்னும் சில இணைகள் சேரும். பிறர் அணிந்ததை அணியக் கூச்சம் எழலாம். கால்பந்தையும் கைப்பந்தையும் பலர் பகிர்ந்தாடும் அறையில் அக்கூச்சம் நெடுநாள் நில்லாது. புதிய காலுறை மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியே வேண்டும்.

அலமாரியில் காலணிகள் 5 முதல் 10 வரை எண்வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். போட்டிக்குப் பெயர் கொடுக்க வரும் மாணவரிடம் உடற்கல்வி ஆசிரியர் கேட்க வேண்டியது கால் அளவு மட்டுமே.