கோழி இறைச்சியில் ஒரு ஸ்பெகட்டி சோஸ்

அரபுக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் மௌலவிக்குக் குசினியில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்ற ஹதீஸை மாணவர்களுக்கு விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பிளேன்டீ எங்கே என்று கேட்பவன்தான் நானும்.

வைத்தியர் மாட்டிறைச்சியைக் குறைக்கச் சொன்ன பிறகு ஒரு நாள், வீட்டுக்காரி பாடசாலையிலிருந்து கட்டுக் கட்டாகப் பரீட்சைத் தாள்களோடு வந்தார். "இன்று இராச் சாப்பாடு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். மாட்டிறைச்சிச் சோஸ் இரண்டு மணித்தியாலம் அடுப்பில் கிடப்பதைப் பார்த்திருந்ததால், கோழியையும் அப்படியே கொதிக்க விட்டேன். "வாப்பா, மரத்தூள் மாதிரி இருக்கு" என்றாள் இளையவள். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் பாணையும் சம்பலையும் எடுத்து வைத்தார். அந்த மௌனம்தான் அதிகம் சுட்டது.

தோல் நீக்கிய கோழியில் கொழுப்புக் குறைவு. அதனால்தான் அது வயிற்றுக்கு இலேசு. அதனால்தான் சீக்கிரம் வரண்டும் போகிறது. எனவே நெஞ்சுப் பகுதியை விடத் தொடை இறைச்சியே நல்லது. கடையில் முன்பே அரைத்து வைத்ததை வாங்காமல், உங்கள் கண் முன்னால் எலும்பு நீக்கிக் கொத்தித் தரச் சொல்லுங்கள். கொத்திய கோழியை அன்றே சமைத்துவிட வேண்டும்.

இந்தச் சோஸின் தாயகம் இத்தாலியின் பொலோனியா நகரம். 1982இல் அந்நகர வர்த்தக சபையில் பதிந்து வைத்த செய்முறையில் மாட்டிறைச்சியோடு பன்றியிறைச்சியும் வைனும் உண்டு. "கொதித்தால் வைன் ஆவியாகிப் போய்விடுமே" என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். முழுவதும் போவதில்லை. போனாலும் அதை நம் வீட்டுக்குள் கொண்டு வருவானேன்? வைன் தருகிற புளிப்பைத் தக்காளியே தரும். ஆனால் அவர்களுடைய செய்முறையில் பாலும் சேர்கிறது. கோழிக்கு அது பெரிய உதவி.

ஐந்து பேருக்கு அரைக் கிலோ கோழி போதும். பெரிய வெங்காயம் ஒன்று, கரட் ஒன்று, லீக்ஸின் வெள்ளைத் தண்டு ஒரு துண்டு, உள்ளி நாலு பல்லு எல்லாவற்றையும் மிகப் பொடியாக அரியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறு நெருப்பில் பத்து நிமிடம் வதக்குங்கள். இதில் அவசரப்படக் கூடாது. சோஸின் இனிப்பு இங்கேதான் பிறக்கிறது. பிறகு நெருப்பைக் கூட்டிக் கோழியைப் போட்டு, கட்டிபடாமல் உதிர்த்து, இளஞ்சிவப்பு நிறம் மாறும் வரை கிளறுங்கள். உப்பு, மிளகு தூள். அரைக் கோப்பைப் பால் ஊற்றி வற்ற விடுங்கள். பால் வற்றிய பின்னர்தான் தக்காளி; முன்பின்னானால் பால் திரைந்து போகும். பழுத்த தக்காளி ஆறு, தோல் நீக்கி நசித்துப் போட்டு, அரைக் கோப்பைத் தண்ணீரும் விட்டு மூடி, சிறு நெருப்பில் இருபத்தைந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், என் அனுபவம் போதும்!

இதற்குள் 400 கிராம் ஸ்பெகட்டியைத் தாராளமான உப்புத் தண்ணீரில் அவியுங்கள். பைக்கட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தி இறக்கி, அவித்த தண்ணீரில் ஒரு கோப்பையை எடுத்து வையுங்கள். நம்மில் பலர் அதை அப்படியே ஊற்றிவிடுகிறோம். ஸ்பெகட்டியைச் சோஸ் சட்டியிலேயே போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிரட்டினால், அதிலுள்ள மாப்பொருள் சோஸை இழையோடு ஒட்ட வைக்கும். எண்ணெயும் மாஜரினும் அள்ளிப் போடத் தேவையில்லை.

மஃரிபுக்குப் பிறகு அடுப்பை மூட்டினால் இஷாவுக்கு முன் எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். சோஸ் மிஞ்சினால் ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் நன்றாகச் சூடாக்கிப் பாணுக்குள் வைத்தால் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு முடிந்தது.