நீச்சல் குள ரோபோவும் நமது கடையும்

பலசரக்குக் கடைக்காரருக்கும் நீச்சல் குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைக் கண்டதும் சிலர் சிரிக்கக் கூடும். சம்பந்தம் இருக்கிறது. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இப்போது வீடு கட்டும்போதே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீச்சல் குளத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். போடிமெட்டு ஏறிவிட்டால் பூப்பாறை, சூரியநெல்லி, மூணாறு என்று விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. இந்தப் பக்கம் தேக்கடியும் தொலைவில்லை. அங்கெல்லாம் அரிசியும் பருப்பும் ஏற்றி அனுப்பிப் பழகியவர்கள் நாம். ஆனால் அதே வீட்டின் குளத்தைத் துடைக்கும் இயந்திரம் மட்டும் இணையத்தில் பணம் கட்டி, பார்சலில் வந்து இறங்குகிறது. நம் வாடிக்கையாளர், நம் கடையைத் தாண்டிப் போய் வாங்குகிறார்.

இதற்கு இரண்டு விதமான பதிலை நம்மவர்களிடம் கேட்கலாம். "அது பணக்காரர் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்பது ஒன்று. "நாமும் நான்கு பெட்டி இறக்கி விற்றுப் பார்ப்போம்" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. பெட்டியை விற்பதில் இணையத்தோடு நம்மால் போட்டி போட முடியாது. பராமரிப்பை விற்பதில் இணையத்தால் நம்மோடு போட்டி போட முடியாது. நாம் இறங்க வேண்டிய இடம் இரண்டாவதுதான்.

இயந்திரம் என்ன செய்கிறது?

குளம் துடைக்கும் இயந்திரம் புதிதல்ல. இஸ்ரேல் நாட்டின் மேட்ரானிக்ஸ் நிறுவனம் 1983-லேயே இத்தொழிலில் இறங்கிவிட்டது. பழைய இயந்திரங்கள் கரையில் உள்ள ஒரு மின்மாற்றியிலிருந்து நீண்ட கம்பி வழியாகக் குறைந்த அழுத்த மின்சாரம் பெற்று ஓடின. கம்பி முறுக்கிக் கொள்ளும். அதை அவிழ்க்க ஓர் ஆள் வேண்டும். அண்மை ஆண்டுகளில் வந்திருப்பவை லித்தியம் பேட்டரியில் ஓடும் கம்பியில்லா இயந்திரங்கள். குளத்தில் இறக்கிவிட்டால் அடித்தரையில் ஊர்ந்து, தூரிகையால் தேய்த்து, தண்ணீரை உறிஞ்சி, உள்ளே உள்ள வலைக்கூடையில் மண்ணையும் இலையையும் பிடித்துக்கொண்டு, தெளிந்த நீரை வெளியே விடும். விலை கூடியவை சுவரிலும் ஏறும். பேட்டரி தீரும் தறுவாயில் ஓரமாகப் போய் நிற்கும். கொக்கி போட்டு மேலே எடுக்கலாம். ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் மாடலைப் பொறுத்து ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் ஓடும். மறுபடி ஏற்ற மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும்.

சரி, என்ன செய்யாது? அதைத்தான் பெட்டியில் அச்சடிக்க மாட்டார்கள். இயந்திரம் நீரைத் துடைக்கும், நீரைக் காக்காது. கிருமியைக் கொல்லாது. குளோரின் குறைந்ததா, கூடியதா என்று பார்க்காது. நம் பகுதியில் இலவம் பஞ்சு வெடித்துப் பறக்கும் காலத்தில் பஞ்சு நீரின் மேலே மிதக்கும். தரையில் ஊரும் இயந்திரம் அதைத் தொடாது, கைவலையால்தான் அள்ள வேண்டும். ஓட்டம் முடிந்தவுடன் வலைக்கூடையைக் கழுவாவிட்டால் அடுத்த முறை உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும். ஆட்கள் குளத்தில் இருக்கும்போது ஓட்டக் கூடாது. இதையெல்லாம் வாங்குகிறவருக்கு யார் சொல்வது? பார்சல் கொண்டுவரும் பையனா?

தண்ணீர்க் கணக்கு

24 அடி நீளம், 12 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள ஒரு சிறிய குளத்தை எடுத்துக்கொள்வோம். 1,152 கன அடி. ஏறக்குறைய 32,600 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி என்றால் மூன்று லாரி தேவை. பராமரிக்கத் தெரியாதவர் என்ன செய்கிறார்? நீர் பச்சையானதும் மொத்தத்தையும் திறந்துவிட்டு மறுபடி நிரப்புகிறார். முல்லைப் பெரியாறு நீரையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிப் பிழைக்கும் ஊர்கள் நம்முடையவை. 18-ஆம் கால்வாயில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று விவசாயி காத்திருக்கிற பகுதியில் இப்படி மாதாமாதம் கொட்டிவிடுவது நியாயமல்ல. விவசாயி கையில் காசு புரண்டால்தான் நம் கடையில் வியாபாரம் என்பதை நாம் மறக்கலாகாது.

பெங்களூரில் 2024 மார்ச் மாதம் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்குள்ள குடிநீர் வாரியம் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்தது. அப்படி ஒரு நாள் எந்த ஊருக்கும் வரலாம். குளத்து நீரைக் கொட்டாமல் மாதக்கணக்கில் தெளிவாக வைத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த நாளில் மதிப்பு. இயந்திரத்தின் உண்மையான பயன் இதுதான்: ஒழுங்காக மருந்தும் போட்டு, வாரம் இரண்டு முறை இயந்திரத்தையும் ஓட்டினால் நீரை மாற்ற வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைகிறது.

நம் கையில் இருக்கும் சரக்கு

குளத்து நீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் நிற்க வேண்டும். பிஹெச் எனப்படும் அமில காரக் கணக்கு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். இதைச் சோதிக்கும் சிறு பெட்டி சில நூறு ரூபாய்தான். இரண்டு சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்த்தால் போதும். ஏலக்காயைக் கையில் அள்ளி நிறம் பார்த்து, லிட்டர் எடை பார்த்து விலை சொல்லத் தெரிந்த நம்மவர்களுக்கு இது ஒரு வித்தையா?

நமது கடையில் விற்கும் பிளீச்சிங் பவுடரையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். 32 சதவீதம் குளோரின் உள்ள நல்ல சரக்கானால், மேலே சொன்ன குளத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஏற்றச் சுமார் 200 கிராம் போதும். வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். வெயில் குளோரினைத் தின்றுவிடும்; ஆகவே மாலையில் போடுவதே உத்தமம். அதே பவுடர் மூட்டை பிரிந்து, ஈரம் பட்டு, சத்து பாதியாகியிருந்தால் 400 கிராம் வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட சரக்கைத் தெரிந்தே கொடுத்துவிட்டு, "இயந்திரம் சரியில்லை" என்று பழியை அதன்மேல் போடுவது வியாபார தர்மம் ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளோரின் சரக்கு விளையாட்டுச் சரக்கல்ல. குளத்துக்கென வரும் குளோரின் மாத்திரையும் பிளீச்சிங் பவுடரும் வேறு வேறு ரசாயனம். ஒரே கரண்டியை இரண்டுக்கும் போட்டால்கூடத் தீப்பற்றலாம். கழிவறை ஆசிட் பட்டால் நச்சு வாயு கிளம்பும். 2024 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கான்யர்ஸ் என்ற ஊரில், குள ரசாயனக் கிடங்கில் தீயணைப்புத் தெளிப்பான் கோளாறாகித் தண்ணீர் பட்டதால் சரக்கு புகைந்து எரிந்தது. சுமார் 17,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்ற நேர்ந்தது. அது பெரிய கிடங்கு. ஆனாலும் நம் கடையின் பின்கட்டில் இருப்பதும் குளோரின் சரக்குதான். எண்ணெய் டின்னுக்கும் ஆசிட் பாட்டிலுக்கும் பக்கத்தில் அதை அடுக்காதீர்கள். ஏலக்காய், தேயிலை, காப்பித்தூள் இருக்கும் அறையில் வைக்கவே வைக்காதீர்கள். வாசனைச் சரக்கு அந்த நெடியை உறிஞ்சிக்கொண்டால் தரம் போயிற்று, விலையும் போயிற்று.

கூட்டாக ஓர் இயந்திரம்

இப்போது வியாபார யோசனைக்கு வருவோம். கம்பியில்லா இயந்திரத்தின் விலை சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சங்கள் வரை போகிறது. ஒவ்வொரு குளத்துக்காரரும் ஒன்று வாங்க வேண்டுமா? வாரத்தில் இரண்டு முறை, மூன்று மணி நேரம் ஓடும் பொருளுக்கு அது வீண் முதலீடு. போடி, சிலமலை, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று ஒரே சாலையில் கடை வைத்திருக்கும் நான்கு பேர் பங்கு போட்டு ஓர் இயந்திரம் வாங்கலாம். பெரும்பாலான மாடல்கள் பத்துக் கிலோ சொச்சம்தான். மொபெட்டில் கட்டிக்கொண்டு போகலாம். வேலை தெரிந்த ஒரு பையனைப் பழக்கி, காலையில் ஒரு குளம், சார்ஜ் ஏற்றி மாலையில் ஒரு குளம் என்று முறை வைத்தால், வாரத்துக்கு ஐந்தாறு குளங்களை இரண்டு தடவை பார்த்துவிடலாம். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, நீர்ச் சோதனை, மருந்து, துடைப்பு மூன்றையும் சேர்த்தே கொடுக்கலாம்.

"இயந்திரம் வந்தால் குளம் துடைக்கும் ஆளுக்கு வேலை போகாதா?" என்று கேட்கலாம். நீர் சோதிக்க, கூடை கழுவ, பஞ்சு அள்ள, மருந்து போட ஆள் வேண்டும். அந்த ஆளையே பழக்குங்கள். நாள் முழுக்கக் குனிந்து தேய்த்தவருக்கு இடுப்பு மிஞ்சும். கூலியும் கூட்டிக் கொடுக்கலாம்.

ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்குப் போகுமுன் இயந்திரத்தை நல்ல நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் வீட்டுப் பாசியை மற்றவர் வீட்டுக்குச் சுமந்து போனவர்களாவோம். சார்ஜ் ஏற்றுவது குளத்தங்கரையில் அல்ல, காய்ந்த தரையில், கடையில். பேட்டரி வீங்கியோ, சார்ஜ் சொருகுமிடம் கருகியோ இருந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வேலையில்லை என்றால் பேட்டரியைப் பாதி அளவு ஏற்றி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

சட்டமும் நமது சொல்லும்

விற்கத்தான் போகிறேன் என்பவர்கள் சட்டத்தையும் அறிந்துகொள்வது நல்லது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளால் விளையும் கெடுதிக்குச் சில சந்தர்ப்பங்களில் விற்பனையாளரும் பொறுப்பு என்கிறது அது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றால், எச்சரிக்கைக் குறிப்புகளை வாங்குபவரிடம் சேர்க்காமல் விட்டால், கம்பெனி கொடுக்காத உத்தரவாதத்தை நாமாகக் கொடுத்தால், வழக்கு நம் வாசலுக்கு வரக்கூடும். இறக்குமதிப் பொட்டலமானால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அதன்மேல் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. அவை இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கொள்முதல் செய்யாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமை தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் சேர்ந்தது. வாங்கும்போதே, "பேட்டரி தனியாகக் கிடைக்குமா? பழையதை எடுத்துக்கொள்வீர்களா?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராத கம்பெனியின் பெட்டி நமக்கு வேண்டாம்.

போடியில் ஏலக்காயைக் குரல் கொடுத்து ஏலம் கேட்ட காலம் போய், நறுமணப் பொருள் வாரியத்தின் மையத்தில் கணினி முன் அமர்ந்து ஏலம் கேட்கும் காலம் வந்தது. கணினி வந்ததால் ஏலக்காயைப் பார்க்கத் தெரிந்தவருக்கு வேலை போய்விடவில்லை. காயின் தரம் அறிந்தவரே இன்றும் விலை கேட்கிறார். குளத்து ரோபோ விஷயமும் அப்படித்தான். இயந்திரத்தை யாரும் விற்கலாம். நீரின் தரம் அறிந்தவரைத்தான் வீட்டுக்காரர் தேடுவார்.

ஆழம் தெரியாமல் காலை விட வேண்டாம். முதலில் ஒரு சோதனைப் பெட்டி வாங்குங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் யார் யார் வீட்டில் குளம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு மாதம் நீரைச் சோதித்துக் கொடுங்கள். நான்கு வீடு தேறினால் பங்காளிகளைச் சேர்த்து இயந்திரத்துக்கு யோசிக்கலாம். தேறாவிட்டால் நஷ்டம் சில நூறு ரூபாயோடு போகும். நமது சங்கமும் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்து, குளோரின் சரக்கைப் பத்திரமாக இருப்பு வைப்பது பற்றியாவது தீயணைப்புத் துறையினரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குளம் உள்ளவர் சிலர்தான். பிளீச்சிங் பவுடர் மூட்டை இல்லாத கடை நம்மில் எத்தனை?