சோர்வு பக்தியின் குறையன்று

நாள்தோறும் விடியலில் நீராடிக் கோயிலுக்குச் சென்றுவந்த பெரியவர், சில மாதங்களாகத் திண்ணையை விட்டு எழுவதில்லை. பிரதோஷம் வந்தாலும் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்கிறார். அழுவதில்லை; குறை கூறுவதுமில்லை. எதிலும் நாட்டமில்லை; நடையும் தளர்ந்துவிட்டது. வீட்டார் இதைச் சோம்பல் என்கின்றனர். அவரோ, தமக்குப் பக்தி குறைந்துவிட்டதோ என உள்ளூர வருந்துகிறார்.

அன்பர்களே, இது மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் நேர்ந்த குறையாகவும் இருக்கக்கூடும்.

உடல் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, இதயம் அனுப்பும் இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவை பல்லாண்டுகளில் அதன் நுண்குழாய்களைத் தடிக்கச் செய்து, இரத்தம் செல்லும் வழியைக் குறுக்குகின்றன. எண்ணெய் நிறைந்திருந்தும் திரியில் ஏறாவிட்டால் சுடர் மங்குமன்றோ? அவ்வாறே மூளையின் ஆழத்தில் உள்ள நரம்பிழைகள் நலிகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் அவ்விடங்கள் வெண்திட்டுகளாகத் தெரியும். ஒரு செயலைத் திட்டமிடவும் தொடங்கவும் ஊக்கம் தரும் பாதைகள் அங்கே பழுதுற்றால், மனம் சோர்கிறது.

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் அலெக்ஸோபுலோஸ் குழுவினரும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ரங்கா கிருஷ்ணன் குழுவினரும் இதனை ‘இரத்தக்குழாய் சார்ந்த மனச்சோர்வு’ என வகுத்துரைத்தனர்.

வெண்திட்டு உள்ளோர் அனைவரும் சோர்வதில்லை. தனிமை, துணையை இழந்த துயர், தைராய்டு குறைபாடு, சில மருந்துகள் ஆகியவையும் சோர்வைத் தரும். ஆகவே, அறுபதைக் கடந்தபின் முதன்முறையாக வரும் சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘இருந்து என்ன பயன்?’ என்று அவர் கூறினால், அன்றே அழைத்துச் செல்லுங்கள். மருந்தின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது.

நலிந்த இழைகளை மீட்பது அரிது. நலிவு பெருகாமல் காப்பது இயலும். உப்பைக் குறையுங்கள். இரத்த அழுத்தத்தைத் தவறாமல் அளந்து பாருங்கள். விரத நாள்களில் மாத்திரைகளை எவ்வாறு உட்கொள்வது என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

வீட்டாருக்கு ஒரு சொல். ‘வரவில்லையா?’ என்று கேட்டுவிட்டுப் புறப்படாதீர்கள், கைபிடித்து எழுப்புங்கள். தொடங்குவதுதான் அவருக்குக் கடினம். பிராகாரத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டால், அடுத்த சுற்று சற்றே எளிதாகும்.